கழுவாத ஜாடி

அந்தக் கண்ணாடிப் பெட்டியை வாரத்துக்கு மூன்று முறை துடைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, இவளுக்கு ஒன்றுமே தெரியாதா என்று கேட்கக் கூடாது பாருங்கள். தெரியும். நன்றாகவே தெரியும்.

எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் பதினேழு வருஷமாகத் துணி துவைக்கிறேன், தரை துடைக்கிறேன், ஆம்புலன்ஸ் கழுவுகிறேன். அங்கே இருப்பது தீயணைப்பு வண்டி ஒன்று, ஆம்புலன்ஸ் ஒன்று. சிவப்பு வண்டியை ஆண்களே கழுவுவார்கள், வேறு யாரையும் தொடவிட மாட்டார்கள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அதற்கு ஷாம்பூ என்ன, மெழுகு என்ன, மெல்லிய துணி என்ன! ஆம்புலன்ஸ் திரும்பி வந்தால் மட்டும் "அக்கா!" என்று ஒரு கூப்பாடு. அதற்குள்ளே ரத்தமும் வாந்தியும் கிடக்கும் இல்லையா, அதற்குத்தான் அக்கா.

நிலைய அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட்டு. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வரும். அவர் போன பிறகும் அது அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். எதற்கெடுத்தாலும் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். லீவு கேட்டால் ஒரே குடும்பம். கிழிந்த கையுறைக்குப் பதில் புதுசு கேட்டால் ஒரே குடும்பம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் ஒருவர் எங்கள் நிலையத்துக்கு ஒரு சக்‌ஷன் மெஷின் கொடுத்தார். மயங்கிக் கிடப்பவர் தொண்டையில் வாந்தியோ ரத்தமோ அடைத்துக்கொண்டால் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கிற மெஷின் அது. உறிஞ்சியது வந்து விழ ஒரு ஜாடி இருக்கும். அந்த மனிதரின் மனைவி இதே ஆம்புலன்ஸில், அதிலிருந்த பழைய மெஷின் பாதியில் நின்றுபோனதால்தான் போய்ச் சேர்ந்தார். இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்று புதுசாக வாங்கி, மனைவி பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துக் கொண்டுவந்தார்.

சென்ட்டு அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு அழகான சாமானை அந்த வண்டில போட்டு நாறடிக்கணுமா?" என்றார்.

அவ்வளவுதான். கூடத்தில் கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட்டு, மேலே ஒரு குட்டி விளக்கு, நடுவில் மெஷின். ஆம்புலன்ஸில் அதே பழைய மெஷின், அதே இருமல்.

வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்க்காரர்கள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். பிள்ளைகள் சிவப்பு வண்டியில் ஏறி மணியடிக்கும். மருந்துக்கடைக்காரரும் வருவார். கண்ணாடி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"இது எத்தனை பேருக்கு உதவிச்சு சார்?"

"அதுக்கெல்லாம் கணக்கே இல்லீங்க ஐயா! இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு வண்டியிலேர்ந்து எறக்கித் தொடச்சு வெச்சிருக்கோம்."

அந்த மனிதருக்குக் கண் கலங்கும். சென்ட்டு அவர் தோளில் தட்டிக் கொடுப்பார். பின்னால் துடைப்பக்கட்டையோடு நான் நிற்பேன். ஆனால் வாயைத் திறந்தேனா? இல்லை.

என் மகனைக் கட்டிய மருமகள் இந்த ஆம்புலன்ஸில்தான் வேலை பார்க்கிறாள். நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து முதலுதவி செய்கிற வேலை. படித்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி வந்தவள். புகார் நோட்டில் அவள் அந்தப் பழைய மெஷினைப் பற்றி எழுதாத மாதம் கிடையாது. வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு.

"அத்தை, அது மெஷினே இல்ல, நெஞ்சுச்சளி புடிச்ச கெழவன். ரெண்டு தடவ இருமிட்டுப் படுத்துக்குது."

"படுத்தா படுக்கட்டும். அந்த ஆளுகிட்ட நீ வாயக் குடுக்காத. வேலைக்குப் போனமா வந்தமான்னு இரு."

இதைச் சொன்னது நான். என் வாய்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அடுத்த தெரு தையல்காரர் தைத்துக்கொண்டிருந்தபடியே தையல் மெஷின் மேல் சாய்ந்துவிட்டார். மருமகளும் டிரைவரும் மூன்றே நிமிஷத்தில் போய்விட்டார்கள். எங்கள் டிரைவரை எல்லோரும் அரைவார்த்தை என்று கூப்பிடுவோம். எந்தப் பேச்சையும் முடிக்க மாட்டான். "அக்கா, அந்த வாளிய..." என்பான், மீதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தையல்காரருக்கு நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது, ஆனால் தொண்டை முழுக்க வாந்தி. மருமகள் குழாயை விட்டாள். மெஷின் இரண்டு தடவை இருமியது, நின்றது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலாலும் துணியாலும் வழித்து வழித்து எடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி போகும்போது உயிர் இருந்தது. மூச்சுதான் ரொம்ப நேரம் நின்றுபோயிருந்தது. வியாழக்கிழமை செத்துப்போனார்.

செவ்வாய்க்கிழமை வண்டி திரும்பியதும் வழக்கம் போல வாளியோடு ஏறினேன். மருமகள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் அசிங்கம்.

"ஜாடியக் குடு, கழுவிடறேன்."

"கழுவாதீங்க அத்தை. நின்னுபோன மெஷினைக் கழுவக் கூடாது, அப்படியே கட்டி வெக்கணும். அதான் விதி."

மெஷினையும் ஜாடியையும் மஞ்சள் பையில் போட்டுக் கட்டினாள். தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் எழுதிச் சீட்டு ஒட்டினாள். சாமான் அறையில் வைத்துப் பூட்டினோம். அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று சென்ட்டிடம்.

வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து விசாரணை என்று கடிதம் வந்தது. அன்றைக்கு மத்தியானமே சென்ட்டு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். புது மெஷினை எடுத்து ஆம்புலன்ஸில் வைத்து மின்சாரம் ஏற்றினார். பெட்டியில் வைக்க அலமாரியிலிருந்து ஒரு வாலிபால் கோப்பையைத் தூக்கிவந்தார். வெயில் பட்டுப் பட்டு வெல்வெட்டு முழுக்க வெளிறிக் கிடந்தது. மெஷின் இருந்த இடம் மட்டும் சதுரமாகக் கருஞ்சிவப்பு. கோப்பை அதில் பாதியைக்கூட மறைக்கவில்லை. மனிதர் கோப்பையை இந்தப் பக்கம் நகர்த்துகிறார், அந்தப் பக்கம் நகர்த்துகிறார், எனக்குச் சிரிப்பும் குமட்டலும் சேர்ந்து வந்தது.

"அம்மா, அந்த மஞ்சப் பையில இருக்கறதப் பினாயில் ஊத்திச் சுத்தமாக் கழுவிடுங்க. சாயங்காலம் பழைய சாமான் வண்டி வரும், போட்டுடுங்க."

"அதக் கழுவக் கூடாதுன்னு மருமக சொன்னாளே சார்."

"உங்க மருமக சின்னப் பொண்ணு. பதட்டத்துல சுவிட்சு போட மறந்துட்டான்னு எழுதிட்டேன். என்ன இப்ப, உரிமம் போகும். வீட்ல இருக்கட்டும். நான் வேற ஏதாவது எழுத்து வேலை பாத்துத் தர மாட்டனா? நாமெல்லாம் ஒரே குடும்பம்."

உரிமம் போனால் அவள் ஆயுசுக்கும் ஆம்புலன்ஸில் ஏற முடியாது. ஒரு உயிரைக் கொன்றவள் என்ற பெயரும் கூடவே வரும். அதை இந்த மனிதர் பல் குத்திக்கொண்டே சொல்கிறார்!

பையைக் குளியலறைக்கு எடுத்துப்போனேன். பதினேழு வருஷப் பழக்கம், கை தானாகக் குழாயைத் திறந்தது. ஜாடி கால்வாசி நிறைந்திருந்தது. மூன்று நாள் ஆன வாந்தி. அதன் நிறத்தைச் சொல்ல மாட்டேன், நீங்கள் சாப்பிட வேண்டாமா? அதில் ஒரு துண்டு நீல நூல் மிதந்தது. தையல்காரர்கள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள் பாருங்கள், அந்த நூல். அன்றைக்கு யாருக்கோ நீலத்தில் ஏதோ தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு ஓங்கரித்து வந்தது. வாந்தியைப் பார்த்து இல்லை, அதை எத்தனையோ பார்த்தாயிற்று. கழுவுவதற்கு நீண்ட என் கையைப் பார்த்து. குழாயை மூடினேன். பையைத் திரும்பக் கட்டித் துவைக்கிற தொட்டிக்கு அடியில் தள்ளினேன். பழைய சாமான் வண்டிக்கு ஒரு ஓட்டை வாளியைக் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. குட்டை முடி வைத்த ஒரு அம்மா வந்தார், ஏற்ற இறக்கமே இல்லாத குரல். கூடத்தில் மேசை போட்டு, தட்டில் கிரீம் பிஸ்கட்டை வட்டமாக அடுக்கிவைத்திருந்தார் சென்ட்டு. செத்தவருக்காக நடக்கிற விசாரணைக்குக் கல்யாண வீடு போல அலங்காரம்! நான் டீ ஊற்றினேன்.

சென்ட்டு புது மெஷினை மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினார். தேனீ போல ரீங்காரம்.

"பாருங்க மேடம், எவ்வளவு ஜோரா ஓடுது."

விசாரணைக்கார அம்மா மருமகளைப் பார்த்தார். "சுவிட்சு போட்டீங்களா?"

"இது அந்த மெஷினே இல்ல மேடம்."

"பாவம், அதிர்ச்சி," என்றார் சென்ட்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "நாலு நாளா இதையேதான் சொல்லிட்டிருக்கா. புகார் நோட்டுலகூட எதுவும் இல்ல."

நோட்டில் அந்தப் பக்கங்களே இல்லை. கிழித்துவிட்டிருந்தார்.

"டிரைவர், நீங்க சொல்லுங்க," என்றார் அந்த அம்மா.

அரைவார்த்தை எழுந்தான். "அந்த மெஷினு வந்துங்க... அது..." சென்ட்டு அவனைப் பார்த்தார். அவன் தன் ஷூவைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் சோற்றைத்தான் தின்கிறான், அக்கா அக்கா என்று காலைச் சுற்றுகிறான், சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

மருமகள் என்னைப் பார்த்தாள். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். தொட்டிக்கு அடியிலிருந்து பையை இழுத்து வந்தேன். பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து முடிச்சை அவிழ்த்தேன்.

ஆறு நாள் நாற்றம். கூடமே ஒரு முறை பின்வாங்கியது. சென்ட்டின் சென்ட்டெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அம்மா! என்ன அசிங்கம் இது!" வாயிலிருந்த பிஸ்கட்டோடு கத்தினார்.

"நீங்க கழுவச் சொன்ன அசிங்கம்தான் சார். நான் கழுவல."

"இவங்களுக்கு வயசாயிடுச்சு மேடம், புத்தி சரியா..."

"வயசுதான் ஆச்சு. மூக்கு நல்லாத்தான் இருக்கு," என்றேன். "சீட்டுல எங்க மருமக கையெழுத்து இருக்கு, படிச்சுப் பாருங்கம்மா. உள்ள நீல நூல் கெடக்குது. தையல்காரர் கடையில அன்னைக்குத் தெச்ச துணி இன்னும் தையல் மெஷின்லயே இருக்கும், ஒத்துப் பாத்துக்குங்க."

அந்த அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார், ஆனால் நாற்காலியை நகர்த்தவில்லை. சீட்டைப் படித்தார். ஜாடியைக் குனிந்து பார்த்தார். நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வாலிபால் கோப்பையை எடுத்தேன். அந்த அம்மாவே புது மெஷினைத் தூக்கிவந்து அந்தக் கருஞ்சிவப்புச் சதுரத்தின் மேல் வைத்தார். நூல் பிசகாமல் பொருந்தியது.

"எத்தனை வருஷமா இங்க இருந்துச்சு?"

"மூணு வருஷம்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன்.

"ரெண்டு தடவ இருமிட்டு நின்னுடுச்சுங்க," என்றான் அரைவார்த்தை திடீரென்று. "சுவிட்சு போட்டாங்க. நான் பாத்தேன்." முழுசாகவே பேசினான். இப்போது பேசுவதற்கு என்ன, ஊரே மூக்கைப் பிடித்த பிறகு!

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் வலிப்பு வந்து விழுந்துகிடக்கிறாள் என்றார்கள். மருமகள் எழுந்தாள், அப்படியே நின்றாள். அவள் போகலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"போங்க," என்றார் விசாரணைக்கார அம்மா. "அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

மருமகள் வெல்வெட்டின் மேலிருந்த மெஷினை வாரிக்கொண்டு ஓடினாள். விசாரணைக்கார அம்மா மஞ்சள் பையைத் தானே கட்டித் தன் காருக்கு எடுத்துப்போனார். சென்ட்டு எழுதிக்கொடுத்த காகிதங்களும் கூடவே போயின.

கூடத்தில் நானும் சென்ட்டும் மட்டும். ஜன்னலைத் திறந்தார், சட்டைப்பையிலிருந்து குட்டி பாட்டிலை எடுத்துச் சுற்றிலும் அடித்தார். பிறகு தட்டைப் பார்த்தார். அப்போது அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"அந்தப் பக்கம் இருக்கற பிஸ்கட் நல்லாத்தான் இருக்கும். எடுத்து டப்பால போட்டு வைங்க, பசங்க வந்தா குடுக்கலாம்."

தட்டோடு கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தேன்.

பத்து நாளில் மருமகளுக்குக் கடிதம் வந்தது, உரிமத்தில் யாரும் கைவைக்கவில்லை. சென்ட்டை வேறு ஊர் நிலையத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மாற்றினார்களாம்! அங்கேயும் ஒரு கூடம் இருக்கும், ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். மருந்துக்கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னவள் நான்தான். அவர் என்னைத் திட்டவில்லை. கடை ஷட்டரை இறக்கிக்கொண்டார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் திரும்பியது. வாளியோடு ஏறினேன். மருமகள் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு?"

"முழிச்சுடுச்சு. என் செருப்பு எங்கன்னு கேட்டுச்சு."

புது மெஷினின் ஜாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அது நிறைந்திருந்தது. அதே புளித்த நாற்றம்.

"இதக் கழுவலாம் அத்தை," என்றாள்.

மூக்கைச் சுளித்துக்கொண்டே வாங்கினேன்.