முலூகியாவுக்கு இழுத்த மூச்சு

நான் இழுத்த மூச்சுச் சத்தத்தில், எங்கள் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேரும் பதறி எழுந்தார்கள். அவர்களில் ஒரு பெண் அடுப்படிக்குள் பாய்ந்து வந்து என்னைத் தரையில் படுக்கவைக்கப் பார்த்தாள்.

தப்பு என்னுடையதுதான். முலூகியாக் கீரைக்குப் பூண்டும் கொத்தமல்லி விதையும் தாளித்துக் கொட்டும் நொடியில், சமைப்பவர் "ஹா!" என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ருசி ஏறாது. கடையில் தினமும் சமைக்கிற என் மச்சினி விதாத் அதைப் பூனை தும்முகிற அளவில் முடித்துவிடுவாள். அவள் காய்ச்சலில் படுத்ததால் கரண்டி என் கைக்கு வந்தது. நானோ எருமை முங்கி எழுந்தது போல இழுத்துவிட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம், கீரைக்குத்தான்!"

விளக்கி முடிப்பதற்குள் பூண்டு கறுத்திருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்படியே கொட்டிவிட்டேன்.

பாய்ந்து வந்தவள் உர்சுலா. பக்கத்துத் தெரு அலுவலகத்தின் மேலாளர், ஜெர்மன்காரி, விதாத்தின் சமையலுக்கு அடிமை. அலுவலகத்து மதியச் சாப்பாடு முழுவதையும் எங்களிடமே கொடுக்கலாமா என்று முடிவு செய்யத்தான் இரண்டு பேரை அழைத்து வந்திருந்தாள். அது கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லையென்றால் ரமலானுக்கு முன்பே பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

பரிமாறும் ஹில்மியிடம் ஒரு கிண்ணம் கொடுத்தேன். "எப்படிடா இருக்கு?"

"உங்க கை நல்லா இருக்கணும், முதலாளி!"

"கைய யாருடா கேட்டா? கீரையச் சொல்லு."

"தேனு முதலாளி, தேனு!" என்றவன் கிண்ணத்தோடு பின்வாசலுக்குப் போனான். அங்கே பூனைகள் ஓடி வந்தன. மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

வழக்கமாகச் சாப்பிட வரும் மருந்துக்கடை ஷுக்ரியோ, "இப்படி ஒரு முலூகியாவ நான் பொறந்ததுலேர்ந்து சாப்பிட்டதில்லப்பா!" என்றார். பாராட்டா, புகாரா? மனிதர் ஊறுகாயை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார்.

உர்சுலா கிளம்பினாள். "வித்தியாசமா இருந்துச்சு" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எந்த வகைச் சிரிப்பு என்று பிடிபடவில்லை.

"அப்ப வாரம் தொடங்கற ஞாயித்துக்கிழமைலேர்ந்து வர்றீங்கதானே, மேடம்?"

"இன்ஷா அல்லா" என்றாள், எங்கள் ஊர்க்காரி மாதிரியே நெஞ்சில் கைவைத்து.

"மேடம், அதைச் சொல்லியே நான் பாதி ஊரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். எங்கிட்டயேவா? உங்க ஊர்ல பேசற மாதிரி பேசுங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

அவள் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"பூண்டு கருகிப்போச்சு ஃபவ்ஸி. வாயெல்லாம் கசக்குது. நீங்க சமைச்சா வர மாட்டோம். விதாத் சமைச்சா எல்லாரும் வர்றோம்."