நீமா சொன்ன வார்த்தை

ஃபெரியின் இரும்புப் பலகை கரையைத் தொடுமுன்பே திபோர் குதித்தாள். முழங்கால் சிராய்த்தது. தலைநகர் பஞ்சுலிலிருந்து அக்கரையிலுள்ள பாராவுக்கு அரை மணி நேரப் பயணம். இன்று நடு ஆற்றில் இன்ஜின் நின்று, மூன்று மணி நேரம் கரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். எங்கள் காம்பியாவே ஓர் ஆறும் அதன் இரு கரைகளும்தான். அதைக் கடக்கவும் எங்களுக்கு வக்கில்லை.

வீட்டு முற்றத்தில் ஆண்கள் யாரும் இல்லை. அம்மாவை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பாயில் இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தியும் முகம் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் தம்பியை ஸ்பெயினுக்குப் போகும் மீன்படகில் ஏற்றிவிட்டவள் திபோர். படகு போய்ச் சேரவில்லை. “இனி என் வாசலை மிதிக்காதே” என்றாள் அம்மா சிகா. திபோரும் மிதிக்கவில்லை.

சாகும்போதாவது என்னைத் தேடினாளா? அது ஒன்றுதான் திபோருக்குத் தெரியவேண்டும். கடைசிவரை பக்கத்தில் இருந்தவள் சிப்பி விற்கும் நீமா.

நீமா ஜோலா இனம், அம்மா செரேர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை; ஒருவரையொருவர் அடிமை என்றே கூப்பிடுவார்கள். சாவு வீட்டிலும் அதை விட்டால் குறை. செத்தவரின் துணியைக் கட்டி, அவரைப் போலவே நடித்துச் சிரிக்கவைக்க வேண்டும். கேலியில் சொன்னதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள், அதை நம்பவும் மாட்டார்கள்.

சிகாவின் மஞ்சள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நீமா வந்தாள்.

“அடியே, வறுத்த மீனெல்லாம் எங்கடி? என் அடிமை நீமா தின்னுட்டாளா? ஜோலாக்காரி பானையைக் கண்டா மூடியைக்கூட மிச்சம் வைக்கமாட்டாளே!”

அதே குரல், அதே இருமல். பாய் முழுக்கச் சிரித்தது. திபோரும் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் நீமாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, நான் வந்துட்டேம்மா.”

சிரிப்பு அடங்கியது. நீமா கொஞ்சம் தயங்கினாள். பிறகு சிகாவின் குரலிலேயே சொன்னாள்.

“வந்துட்டியாடி? காலையிலேருந்து உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். சாப்பிட்டியா?”

திபோர் நிமிர்ந்து பார்த்தாள்.

“அத்தை, அந்தத் துணியை அவுத்துட்டு இதையே சொல்லு.”

“கேலி நடக்கும்போது குறுக்க பேசக்கூடாதுடி.”

“ஒரே ஒரு தடவை. உன் குரல்ல சொல்லு.”

நீமா தலைத்துணியை அவிழ்த்தாள். பாயில் உட்கார்ந்து, மடியில் போட்டு இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். தெருவில் மையவாடியிலிருந்து திரும்பும் ஆண்களின் பேச்சு கேட்டது. இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள். அதற்குமேல் அந்தத் துணி மடியவில்லை.