நாலு எண்ணும் வரை

எங்கள் ஆலயத்து பைப் ஆர்கனுக்கு வயது நூற்று நாற்பது. எண்ணூற்றுப் பன்னிரண்டு குழாய்கள். கப்பலில் மரப்பெட்டிகளாக வந்து இறங்கியபோது எந்தக் குழாய் எங்கே என்று தெரியாமல் ஒரு வருஷம் தலையைச் சொறிந்தார்களாம். இருபத்திரண்டு வருஷமாக அதை வாசிப்பவள் நான். அதனால் அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

குறை அதன் துருத்தியில். எந்தக் காலத்திலோ எலி கடித்த ஓட்டை. மோட்டார் எவ்வளவு ஊதினாலும் இரண்டாவது வரி முடியும்போது காற்று தீர்ந்துவிடும். கையை எடுத்து நாலு எண்ணினால் மறுபடி நிரம்பும். சபையும் கூடவே பாட்டை நிறுத்தி நிற்கும். இருமுகிறவர்கள் இருமுவார்கள், அம்மாக்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பார்கள். அப்புறம்தான் மூன்றாவது வரி.

போதகருக்கு ஆர்கன் என்றாலே எட்டிக்காய். பொத்தானை அழுத்தினால் தானே வாசிக்கும் கீபோர்டு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். "மரபுச் சின்னத் துறை மேடம் அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வர்றாங்க. பாதுகாக்கணும்னு எழுதிட்டா இருக்கட்டும். இல்லைன்னா பிரிச்சு எடுத்துடலாம்," என்றார். பொத்தானை அழுத்த நான் எதற்கு? பயந்துபோய்த் தம்பியைக் கூப்பிட்டேன்.

என் தம்பி ஆர்கன் மெக்கானிக். மூன்று வாரம் துருத்தியோடு குடித்தனம் நடத்தினான். பழைய தோலை உரித்துப் புதுத்தோல் ஒட்டினான். "அக்கா, இனி நீ நிறுத்தவே வேணாம். நாள் முழுக்க வாசி," என்றான். வெள்ளிக்கிழமை தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். காற்று குறையவே இல்லை. கண் கலங்கிவிட்டது. இந்தச் சந்தோஷத்தில், சபையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஞாயிறு. முதல் வரிசையில் மேடம், மடியில் படிவம். இரண்டாவது வரி முடிந்தது. நான் நிறுத்தாமல் மூன்றாவது வரிக்குப் போனேன். சபை நின்றது. முந்நூறு பேர் பக்தியோடு இருமினார்கள். அவர்கள் மூன்றாவது வரியைத் தொடங்கியபோது நான் அதன் முடிவுக்கே வந்திருந்தேன். சிலர் என்னைப் பிடிக்க ஓடினார்கள். சிலர் பிடிவாதமாகத் தங்கள் பாட்டிலேயே போனார்கள். "ஆர்கன் கெட்டுப்போச்சு," என்று பின்வரிசையில் யாரோ உரக்கவே சொன்னார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நாங்கள்தான். போதகர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. மேடம் எதையோ எழுதினார்.

அடுத்த சரணத்தில் இரண்டாவது வரி முடிந்ததும் கையை எடுத்துவிட்டேன். ஒன்று, இரண்டு. சபை நிம்மதியாக இருமியது. ஆர்கனுக்குப் பின்னால் இருந்த தம்பி, ஒட்டின தோல் பிய்ந்துவிட்டது என்று நினைத்துப் பசை டப்பாவோடு பீடத்துக்கு முன்னால் ஓடிவந்து நின்றான். மூன்று, நாலு. நான் வாசித்தேன். முந்நூறு பேரும் ஒரே குரலாக மூன்றாவது வரியில் இறங்கினார்கள். தம்பி டப்பாவோடு அங்கேயே திகைத்து நின்றான்.

ஆராதனை முடிந்ததும் மேடம் என்னிடம் வந்தார். "காத்துதான் நிறைய இருக்கே. ஏன் நிறுத்தினீங்க?"

"அவங்க நிக்கிறாங்களே மேடம்," என்றேன்.

"அப்போ நான் எதுக்கு மூணு வாரம் ஓட்டையை அடைச்சேன்?" என்று தம்பி முணுமுணுத்தான்.

மேடம் போதகர் பக்கம் திரும்பினார். "நீங்க கடிதத்துல எழுதியிருந்த கீபோர்டு, இப்படி நிக்குமா?"

போதகர் வாசல் பக்கம் கலைந்துகொண்டிருந்த சபையைத் திரும்பிப் பார்த்தார்.

"நிக்காது மேடம்," என்றார். "நாங்களும் அதுக்காக நிக்க மாட்டோம்."

மேடம் படிவத்தில் 'பாதுகாக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.