பச்சை வெளிச்சத்தில் நிற்காத துகள்

"பவரைக் கூட்டுங்கோ சீனி! ஓடுது, ஓடுது!"

புஷ்பராணி போட்ட சத்தத்தில் உதவியாள் சீனியின் கை தானாகக் குமிழைத் திருகியது. லேசரின் குளிர்நீர்க் குழாய் ஒருமுறை அதிர்ந்தது. நுண்ணோக்கியோடு இணைத்திருந்த தொலைக்காட்சித் திரையில், பச்சை வெளிச்சத்தின் நடுவே நின்ற வெள்ளைப் புள்ளி நடுங்கியது, மங்கியது, மறைந்தது.

"போச்சு," என்றான் சீனி. "ஏழாவது."

மணி இரண்டு பத்து. மூன்று மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் ஸ்கந்தராஜா வருகிறார். ஜெலாப்பாங்கில் இருக்கும் இந்தக் கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்துக்கு லேசரை இரவல் கொடுத்தவர் அவர். ரப்பர் பாலில் மிதக்கும் ஒரே ஒரு துகளை, தலைமுடிப் பருமனில் நூறில் ஒரு பங்கு இருக்கும் உருண்டையை, ஒளியால் பிடித்துப் பத்து நிமிடம் நிறுத்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் லேசர் இன்றைக்கே லாரியில் ஏறிவிடும். புஷ்பராணியின் இரண்டு வருட உழைப்பும் கூடவே ஏறிவிடும்.

"லேசருக்குத் தெம்பு பத்தல மிஸ். இன்னும் கூட்டவா?"

"எவ்வளவு கூட்டினாலும் ஓடுதே!"

சீனி திரையை ஒட்டிக் குனிந்தான். "அந்த ஒண்ணை விடுங்க. மத்ததைப் பாருங்க மிஸ். எல்லாம் சொல்லி வச்ச மாதிரி நடுவுக்கு ஓடி வந்து மேல கிளம்புது. உலை கொதிக்கிற மாதிரி லா!"

புஷ்பராணி துள்ளி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஏழு முறையும் அவள் அந்த ஒற்றைப் புள்ளியையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

"தண்ணி சூடாகுது! வெளிச்சம் படுற இடத்துல சூடாகி மேல எழும்புது. சுத்தி இருக்கிற தண்ணி அங்க ஓடி வருது. அந்த ஓட்டம் துகளை அடிச்சுக்கொண்டு போகுது. பவரை ரெண்டு மடங்கு ஆக்கினா பிடியும் ரெண்டு மடங்கு, ஓட்டமும் ரெண்டு மடங்கு. எப்படி ஜெயிக்கிறது?"

"அப்ப குறைச்சா?"

"பிடியும் குறைஞ்சுடும். தண்ணிக்குச் சுத்துறதுக்கே இடம் குடுக்கக்கூடாது. துளி இருக்கிற ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இப்ப ஒரு மில்லிமீட்டர் இருக்கு. அதை முடியளவுக்கு ஒடுக்கணும். நடுவுல வைக்க மெல்லிசா ஏதாவது..."

சீனி சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தான். மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாளை ஒரே இழுப்பில் உரித்தான். "இது போதுமா? உள்ள இருக்கிறதை நான் அப்புறம் ஊதிக்கிறேன்."

பிளேடு பறந்தது. இரண்டு கீற்று. நடுவே ஒரு துளி. மேலே மெல்லிய கண்ணாடி. இரண்டு நாற்பதுக்கு எட்டாவது துகள் வெளிச்சத்துக்குள் வந்து விழுந்தது.

நின்றது.

ஒரு நிமிடம். மூன்று நிமிடம். இருவரும் மூச்சை இழுத்துவிடக்கூடப் பயந்தார்கள். ஆறாவது நிமிடத்தில் கதவு திறந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்த ஸ்கந்தராஜா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பத்து நிமிடம் முடிந்தது. புள்ளி அசையவில்லை!

புஷ்பராணி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு தோல்வி, ஓட்டம், சிகரெட் தாள்.

"கெட்டிக்காரி," என்றார் அவர். "ஆனா பச்சை வெளிச்சத்துல சுத்தத் தண்ணி இவ்வளவு சூடாகாது பிள்ளை. எது வெளிச்சத்தைக் குடிச்சுச் சூடாகுது? காரணம் தெரியாத முடிவை நான் நம்பமாட்டன். சொன்னா லேசர் இங்கயே இருக்கும். இல்லாட்டி லாரி வெளியில நிக்குது."

புஷ்பராணி கரைசல் குடுவையை எடுத்துப் பார்த்தாள். "எங்கட தண்ணி வடிக்கிற வடிகலம் நேத்துப் பழுதாப் போச்சு. அதனால சீனி கார்ப் பட்டறையில வாங்கி வந்த பேட்டரித் தண்ணிதான் சேர். அதுவும் வடிச்ச தண்ணிதானே? ரப்பர் பாலையும் பல ஆயிரம் மடங்கு கரைச்சிருக்கிறன். வேற ஒண்டும்..."

ஸ்கந்தராஜா கடிகாரத்தைக் கையில் எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

"டாக்டர்!" சீனி குறுக்கே வந்தான். "வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவால்ல, சொல்லிடறேன். தண்ணி சுத்தம்தான். பட்டறை வாசல்ல போத்தல் விரிசல் விட்டுச்சு. ஒழுகுறதைப் பிடிக்க என் பிளாஸ்க்குதான் இருந்துச்சு. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன காலத்துலேர்ந்து அது இல்லாம வேலைக்குக் கிளம்பமாட்டேன். அவசரத்துல அலசாமலே ஊத்திட்டேன்."

"அதில என்ன இருந்தது?" என்றார் ஸ்கந்தராஜா.

சீனி பிளாஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தான்.

"கோப்பி ஓ. பால் விடாம, நல்லா திக்கா, கறுப்பா."