இறங்கி வராத வீடு

1956 வைகாசியில் கருமத்தம்பட்டி சீனிவாசலுவின் வீடு தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. காரணம் ஒரு தபால் கார்டு. காரமடையில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் ராமாமணியின் குழந்தைக்குக் காது குத்து. தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டிய சம்பந்தி, சோம்பல்பட்டுக் கார்டு போட்டுவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை வேறு யார் மடியிலோ உட்கார்ந்து வீறிட்டது. சீனிவாசலு உறவை அறுத்தார். அதன்பின் கல்யாணம், கருமாதி எதற்கும் அந்த வீட்டார் போகவில்லை. போகாத ஒவ்வொன்றுக்கும் வீடு கொஞ்சம் மேலே போனது. இரண்டே வருடத்தில் தென்னை உயரம்.

மேலே பேச வேறு ஆளில்லை. செத்துப்போன மனைவி பங்காரம்மா தினமும் வந்து எல்லோரையும் தன்னிடம் கூப்பிடுவதாகச் சீனிவாசலு சொன்னார். மகன் ராமுலு ஒரு மாதம் மறுத்துப் பார்த்தான். பிறகு அவனுக்கும் கேட்டது. கடைசியாகச் சின்னவள் வரலட்சுமிக்கு. ராமாமணி கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினாள். ஜன்னலில் தலை நீட்டிய தங்கை, "அம்மா கூப்புடறாங்கக்கா. ஆடி அமாவாசைக்கு வாரோம்னு சொல்லிப்போட்டோம்" என்றாள், சந்தைக்குப் போவதைச் சொல்வது போல.

ராமாமணி ஊரில் ஏணி கேட்டாள். அத்தனை உயரத்துக்கு ஏது ஏணி என்றார்கள். சம்பந்தி தட்டோடு வந்தால் நூலேணி இறக்குவதாக அப்பா சொல்லியிருந்தார். ஒரு தட்டு, நாலு வெற்றிலை! ராமாமணி மாமனார் காலில் விழுந்தாள்.

"அவரு மொதல்ல எறங்கி வரட்டும் அம்மணி" என்றார் அவர்.

கோயம்புத்தூரிலிருந்து சமூகவியல் வாத்தியார் ஆரோக்கியதாஸ் வந்து, அண்ணாந்து பார்த்துக் குறிப்பெழுதினார். வெளியாள் வராத வீடு, எதிர்த்துப் பேச முடியாத பெரியவர். அங்கே ஒருவர் நம்புவது எல்லோருக்கும் நிஜமாகிவிடும், சேர்ந்தே சாகவும் துணிவார்கள் என்றார். ஒரு வார்த்தை பிசகில்லை. ராமாமணிக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"எல்லாம் சரிதானுங்க சார். இத எங்க மாமனாருகிட்டச் சொல்லுங்க."

சொன்னார். மாமனார் பொறுமையாகக் கேட்டுக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

ஆடி அமாவாசையன்று மூவரும் சொன்னபடியே போய்விட்டார்கள். சாவுக்கு யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. பத்து மணிக்குள் அன்னூர், பல்லடம், காரமடை என்று அத்தனை உறவும் வந்து சேர்ந்தது, ஏணிகளோடு. மாமனார்தான் முதலில் ஏறினார். ராமாமணி அழவில்லை. சுற்றிலும் சாத்தியிருந்த ஏணிகளை எண்ணினாள். பதினேழு.

வீடு இன்னும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. அடியில் நல்ல நிழல் என்று மாடு கட்டுகிறார்கள்.