பூச்சியம் தசம் இரண்டு ஓம்

1

இந்தக் கதை கோபத்தில் எழுதப்படுகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடை சரியில்லை என்று யாரும் வரவேண்டாம். என் தங்கை சோபனாவின் கணவர் கேதீஸ்வரனுக்கு ஆக்லாந்தில் ஒரு வேப் கடையில், அதாவது மின்சிகரெட் கடையில், தவறான சாமானைக் கொடுத்து அனுப்பினார்கள். அதனால் அவருடைய கால் ஒப்பரேஷன் தள்ளிப்போனது. கால் விரல் இப்போது கறுக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கம், முதல் முயற்சி:

"மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, லின்ஃபீல்டின் சரிவான தெருவொன்றில்—"

வேண்டாம். இந்த ஊரில் மழை தூறாத சனிக்கிழமை எது?

இரண்டாம் முயற்சி:

"கேதீஸ்வரன் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இருபத்தாறு வருடமாகப் புகையிலையைத் தாளில் சுருட்டிப் புகைப்பவர். இடது காலில் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், புகைக்காமல் வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேப் பிடிப்பதும் டொக்டருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் புகையிலைக்கு அது பரவாயில்லை என்றார்."

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் பொய்யில்லை.

2

[வேப் பிடிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பிடிக்காதவர்கள் மூக்கைச் சுளிக்காமல் வாசிக்கவும்.]

வேப் கருவியின் பட்டரிப் பெட்டித் தலையில் திருகிப் பூட்டும் சின்ன உலோகக் கிண்ணம்தான் அட்டமைசர். உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதற்குள் கொஞ்சம் பஞ்சு. சுருள் சூடேறிப் பஞ்சிலுள்ள திரவத்தை ஆவியாக்கும், அதைத்தான் இழுப்பது. சொட்டு அட்டமைசர் என்ற வகையில் திரவம் நிரப்பி வைக்கத் தொட்டி கிடையாது. நாலைந்து இழுவைக்கு ஒருமுறை நாமே பஞ்சில் சொட்டு விடவேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இவ்வளவு கரைச்சல் எதற்கு என்று கேட்பீர்கள். சோபனாவும் கேட்டாள். சுருட்டிப் பழகிய மனிதருக்குக் கை சும்மா இருக்காது. தொட்டி வைத்த கருவியைக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு இழுவை இழுத்துவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு எழும்பிக் காருக்குப் போவார். புகையிலைப் பை காரில் இருந்தது. பஞ்சு வைப்பது, சொட்டு விடுவது என்று விரலுக்கு வேலை கொடுத்தால் நிறுத்துவார் என்று நான்தான் யோசனை சொன்னேன். நல்ல யோசனை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அவரிடம் இருந்த பெட்டி பதினைந்து வாட்ஸுக்கு மேல் தராது. அதற்குப் பொருத்தமான அட்டமைசரைத் தெரிவு செய்ய அவர் தனியாகக் கடைக்குப் போனார்.

3

"கடைக்கார ஆஷிஷ் ஒரு—"

ஒரு என்ன? அயோக்கியன் என்று எழுதி அழித்தேன். ஆஷிஷ் ஃபிஜிக்காரர், நாற்பதை நெருங்குகிறவர், ஆட்களை விரட்டாமல் கதைப்பவர். அவரை வில்லனாக்கினால் கதை சுலபமாக முடியும். எனக்கும் வசதி. ஆனால் அவர் கேட்கவேண்டியதைக் கேட்டிருக்கிறார். ஆகவே காட்சியை இப்படி மாற்றினேன்:

"வாட் ஓம், அங்கிள்?" என்றார் ஆஷிஷ்.

"ஓம்," என்றார் கேதீஸ்வரன்.

"யெஸ், பட் வாட் ஓம்?"

"ஓம், ஓம்."

[அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: கம்பிச் சுருளின் மின்தடையை அளக்கும் அலகு ஓம். எங்கள் பக்கத்தில் "ஆமாம்" என்பதற்கும் அதுதான் சொல். தடுப்பதற்கும் தலையாட்டுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் கடைக்குப் போகிறோம்.]

எழுதிவிட்டுச் சிரித்தேன். சிரித்ததற்காக என்மேல் எரிச்சலும் வந்தது. ஆனாலும் அழிக்கவில்லை, நல்ல பகிடி என்று பட்டது.

4

சோபனா வந்து வாசித்தாள். நின்றபடியே வாசித்தாள்.

"அண்ணா, இதென்ன? என்ர மனுசனை விசரன் மாதிரி எழுதி வச்சிருக்கிறியள்."

"கதைதானே, சோபி."

"கதையெண்டால்? அவருக்கு இங்கிலிசு விளங்காதோ? கடைக்குள்ள நிண்டு உங்களுக்கெல்லோ போன் எடுத்தவர். அது எங்க?"

"அது கதைக்குத் தேவையில்லை."

"கால் போனாலும் தேவையில்லையோ?"

அவள் லாப்டொப்பை மூடினாள். மூடினாள் என்பது மரியாதைக்கு எழுதியது, அறைந்தாள்.

"ஆஷிஷைத் திட்டுங்கோ, இவரைத் திட்டுங்கோ. உங்கட ஓமையும் அதுக்குள்ள எழுதுங்கோ."

5

சரி, எழுதுகிறேன்.

நான் பதிவு பெற்ற எலெக்ட்ரிஷன். பத்தொன்பது வருடமாக இந்த ஊர் வீடுகளின் சுவருக்குள் கம்பி இழுக்கிறேன். தடை, அழுத்தம், வாட்ஸ் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேதீஸ்வரன் சரியான ஆளைத்தான் கேட்டார். அவர் விசரன் இல்லை.

போன் வந்தபோது நான் வேறொரு கதையின் முதல் வரியை ஏழாவது தடவையாக மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை இன்றுவரை முடியவில்லை.

"மச்சான், எழுதிக்கொண்டிருக்கிறீரோ? எண்டால் பிறகு எடுக்கிறன்."

"இல்லை, சொல்லும்."

"ரெண்டு சாமான் எடுத்து வச்சிருக்கிறார். ஒண்டு வடிவான பெரிசு, நாலு பக்கமும் ஓட்டை. பொயின்ட் டூ ஓம் எண்டு கிடக்கு. என்ர பெட்டிக்குச் சரிவருமோ எண்டு கேக்கிறார். எடுக்கட்டோ?"

நான் திரையில் ஒரு காற்புள்ளியை நகர்த்தினேன்.

"ஓம், ஓம்."

"வடிவாக் கேட்டுத்தானே சொல்லுறீர்?"

"ஓம்."

அவ்வளவுதான். மூன்று ஓம். பூச்சியம் தசம் இரண்டு என்று கேட்டவுடன் தொழிற்பயிற்சிக்கு வந்த முதலாம் வருடத்தானும் கத்தியிருப்பான். "மச்சான், உம்மட பெட்டி சின்னன், அவ்வளவு குறைஞ்ச தடையை அது தாங்காது. ஒற்றைச் சுருள், ஒரு ஓமுக்குக் குறையாமல். ஒரு சின்னக் காற்று ஓட்டை போதும், பெரிய ஓட்டையெண்டால் உமக்குச் சும்மா காற்றுத்தான் வரும். குழி ஆழமாப் பாரும், முதல்முதல் சொட்டு விடேக்க கை தவறும், வழியக்கூடாது." இவ்வளவையும் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் காற்புள்ளிக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, பஞ்சு வைத்து, சொட்டு விட்டு, பொத்தானை அமத்தியிருக்கிறார். பெட்டி வேலை செய்யவில்லை. திரையில் "ஓம் டூ லோ", அதாவது தடை மிகக் குறைவு, என்று வந்ததாம். ஒரு பட்டரிப் பெட்டிக்கு இருந்த பொறுப்பு எனக்கு இருக்கவில்லை. மூன்று முறை அமத்திப் பார்த்துவிட்டு எழும்பிக் காருக்குப் போனார்.

ஒன்பது நாள் சுருட்டினார். புகைத்தீரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார். கொடுத்த ஒப்பரேஷன் திகதியை இரத்துச் செய்துவிட்டார்கள்.

6

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் கால் தப்புகிறது, எல்லோரும் என் வீட்டில் சாப்பிடுகிறார்கள். வெட்கமாக இருக்கிறது, வெட்டிவிட்டேன்.

இரண்டாவதில் ஒரு விரலை எடுக்கிறார்கள், கேதீஸ்வரன் என்னை மன்னிக்கிறார். இது முதலாவதைவிட மோசம். மன்னிப்பை நானே எழுதி, நானே கையெழுத்தும் போடுவதா?

மூன்றாவது: "கேதீஸ்வரன் இனி ஒருபோதும் என்னிடம் எதையும் கேட்க—"

இந்த வரியை முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை, அவரே குறுக்கே வந்துவிட்டார்.

7

ஏனென்றால் இன்று சனிக்கிழமை. ஏழு கிழமை தள்ளிப் புதிய திகதி கொடுத்திருக்கிறார்கள், இதற்குப் பிறகு விரல் பொறுக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். வேறு சாமான் எடுக்க அவர் திரும்பவும் அதே கடைக்குப் போயிருக்கிறார். நான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்து, மேசையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தேன். ஆம், தொடர்ந்தேன். நீங்கள் வாசிக்கும் இந்த வரிதான் அது.

"மச்சான், எழுதிக்கொண்டிருக்கிறீரோ?"

அதற்கு உண்மையான பதில் ஒரே சொல். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் காத்திருக்கிறார். பின்னால் ஆஷிஷ் யாருக்கோ மிச்சக் காசு கொடுக்கும் சத்தம் கேட்கிறது.

முடிவு உங்களுடையது. கால் தப்பவேண்டுமென்றால் தப்ப வையுங்கள், என்னைத் திட்டவேண்டுமென்றால் நன்றாகத் திட்டுங்கள். ஒரு காற்புள்ளியையும் நான் வந்து திருத்தமாட்டேன். கார்த் திறப்புக் கொத்தைக் கையில் எடுத்துவிட்டேன், பதில் சொன்னபடியே லாப்டொப்பை மூடுகிறேன்.

"இல்லை மச்சான், எழுதேல்லை. ஒண்டையும் வாங்காதையும், அங்கேயே நில்லும், நான்