அம்மா தாண்டிப்போன வரி

அந்த வீட்டில் மாலைச் செபத்தை முன்சொல்லும் உரிமை அம்மாவுக்குத்தான். தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவில் விரிப்பைப் போட்டு, இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் மூன்று பேரும் முழங்காலிடுவார்கள். அம்மா ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியைச் சொல்வாள். அப்பாவும் மகளும் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். அப்பாவுக்கு பேக்கரியில் வேலை, விடியும் முன்பே அடுப்பு முன்னால் நிற்கிறவர். செபமாலை பாதி தாண்டுவதற்குள் தலை ஆடத் தொடங்கிவிடும். அவருடைய 'ஆமென்' மட்டும் எல்லோருக்கும் பிறகு, வழி தவறிய விருந்தாளி மாதிரி தனியாக வந்து சேரும்.

மகளுக்கு வீட்டில் சிஐடி என்று பெயர். எதையும் குடைந்து பார்க்காமல் விடமாட்டாள். தேவதூதர்களான சம்மனசுகளுக்குச் சிறகு முளைக்கும்போது முதுகு அரிக்குமா என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டு, சிஸ்டரையே திணறடித்தவள். இப்போது அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கவலைதான். ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தி நின்ற ஞானத்தாய் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. இந்த வீட்டிலிருந்த தாத்தா இறந்த பிறகு பெரியம்மா இந்த வாசலை மிதிக்கவில்லை. புதுநன்மை அன்று மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஞானத்தாய் பக்கத்தில் நிற்பார்கள், தனக்கு மட்டும் அந்த இடம் காலியாக இருக்குமே என்று அடிக்கடி நினைத்துக்கொள்வாள். "பெரியம்மா வருவாங்களாம்மா?" என்று கேட்டால் அம்மா மெஷினை வேகமாக ஓட்டுவாள்.

அந்த வாரம் சிஸ்டர் ஒரு வேலை கொடுத்தார். புதுநன்மை வாங்கும் பிள்ளைகள்தான் வீட்டில் செபத்தை முன்சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். மறுநாள் கேட்டபோதும் அதே நாளைதான். அடுத்த நாள் சிஐடி முந்திக்கொண்டு, படத்துக்கு முன்னால் அம்மாவின் இடத்திலேயே போய் முழங்காலிட்டுவிட்டாள்.

"விடேன், புள்ள ஆசையா கேக்குது" என்றார் அப்பா.

மகள் முன்சொன்னாள். அம்மா வேறு வழியில்லாமல் அப்பாவோடு சேர்ந்து மறுபாதிக்கு வந்தாள். கர்த்தர் கற்பித்த செபத்தில் "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" வரை அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. அடுத்த வரியில் அப்பாவின் குரல் மட்டும் தனியாக நின்றது: "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." அதற்கடுத்த வரியில் அம்மா மறுபடி சேர்ந்துகொண்டாள்.

சிஐடிக்குக் காது விடைத்தது. செபமாலையின் அடுத்த பத்து மணிகள் முடிந்து அந்தச் செபம் திரும்ப வந்தபோது ஓரக்கண்ணால் கவனித்தாள். அதே இடத்தில் அம்மாவின் உதடு ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் விடவில்லை. கோயிலே அந்தச் செபத்தைச் சேர்ந்து சொல்லும்போது, சரியாக அந்த வரிக்கு அம்மா குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள். வரி முடிந்ததும் நிமிர்ந்தாள். கையில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பின்கட்டில் மடக்கினாள். "அம்மாவுக்கு அந்த வரி மறந்துபோச்சாப்பா?"

அப்பா முதலில் மழுப்பிப் பார்த்தார். இவளிடம் மழுப்பி யார் ஜெயித்தார்கள்? "தாத்தா அடக்கத்தன்னிக்கு உன் பெரியம்மா எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை விட்டுட்டாங்க. 'நீ ஒழுங்கா பாத்திருந்தா அப்பா இருந்திருப்பாரு'ன்னு. அது அம்மா மனசுல தைச்சுடுச்சு. நீ போய் எதையும் கிளறாதே."

கிளறாதே என்று யாரிடம் போய்ச் சொல்கிறார் பாருங்கள். மறுநாள் அம்மா வெள்ளைக் கவுனுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்த வரியை ஏம்மா நீ சொல்றதில்ல?"

மெஷின் நின்றது. அம்மா கவுனைப் பார்த்தபடியே சொன்னாள். "மனசுல இல்லாததை வாயால சொன்னா பொய்டி. சாமிகிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் இன்னொரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "அந்த வரியிலதானேம்மா நம்ம பாவத்துக்கும் மன்னிப்பு கேக்குறோம்? அப்போ இத்தனை நாளா நீ சாமிகிட்ட மன்னிப்பே கேக்கலியா?"

வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அம்மாவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததும் கேட்டிருக்கவே கூடாதோ என்று பயந்துவிட்டாள். அம்மா திட்டவில்லை. "போய்ப் படி" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு வெகுநேரம் மெஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

அன்று மாலையும் மகள்தான் முன்சொன்னாள். அம்மா மறுபாதியைத் தொடங்கினாள். அந்த வரி வந்தது. "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள்..." என்று முதல்முறையாக அம்மாவின் வாயிலிருந்து அது வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அப்பா கண்ணைத் திறந்தார். மகள் மணியை நகர்த்தாமல் காத்திருந்தாள்.

அம்மா எழுந்துபோய் மெஷின் மேலிருந்த போனை எடுத்து அழைத்தாள்.

"அக்கா, நான்தான்."

அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ அன்னிக்குச் சொன்னது நிஜம்தான்க்கா. அப்பா கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கல்யாணத் துணி, அவசரம். ஒரு கை தைக்கறதுதான் பாக்கி, முடிச்சுட்டு வரேன்பான்னு சொல்லிட்டு மெஷினை மிதிச்சேன். போய்ப் பாத்தப்போ..."  அம்மாவின் தோள்கள் குலுங்கின. அப்பா எழப்போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இது அவருக்கும் தெரியாத செய்தி.

பெரியம்மாவுக்குப் பிறவியிலேயே பெருங்குரல். போனில் பேசினால் அடுத்த அறைக்கும் கேட்கும். இப்போது வந்த குரலைக் கேட்க மகள் முழங்காலாலேயே நகர்ந்து கிட்டே போக வேண்டியிருந்தது.

"உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அவர் எனக்குப் போன் பண்ணாருடி. பேர் பாத்துட்டு, அப்புறம் பேசிக்கலாம்னு நான்தான் எடுக்கல."